வடிசாலைக் கழிவுநீர் பார்க்கப் போகும் தம்பிக்கு



திக்கம் வடிசாலையைக் கண்ட வடமராட்சிக்குப் பனஞ்சாராயம் புதிதல்ல. அதன் கழிவுநீரை ஒழுங்காகப் பார்க்கிற பொறியியலாளர்தான் புதிது. நீர் அனுப்பிய வரைபடத்தைப் பார்த்தேன். முதல் தொட்டியே காற்றூதும் தொட்டி. அதை அங்கிருந்து எடுத்துவிடும்.

காற்றூதிச் சுத்திகரிக்கிற இடங்களில் மின்கட்டணத்தில் பாதியளவோ அதற்கு மேலோ புளோவருக்கே போகிறது. உம்முடைய கழிவோ மிகக் கனத்தது. கள்ளிலுள்ள சொற்பச் சாராயத்தை வடித்தெடுத்தால் மிச்சமெல்லாம் அடியில் நிற்கும்: செத்த ஈஸ்ட், புளிப்பு, மண்ணிறம். அதைக் காற்றில்லாத் தொட்டிக்கு விடும். 1 கிலோ சிஓடி (வேதியியல் ஒட்சிசன் தேவை) அழிந்தால் ஏறத்தாழ 0.35 கன மீற்றர் மீதேன் கிடைக்கும்; எரித்தால் மூன்றரை யூனிற் அளவுக்கு வெப்பம். கொதிகலனுக்கு அவ்வளவு விறகு மிச்சம். சேறும் கொஞ்சமாகத்தான் சேரும். நெதர்லாந்தில் லெட்டிங்கா என்பவர் 1970களில் உருவாக்கிய யூஏஎஸ்பி என்ற காற்றில்லாத் தொட்டி இந்த வேலைக்கென்றே வந்தது.

வடிகலத்திலிருந்து கொதிக்கக் கொதிக்க வருகிற கழிவுநீரை அப்படியே ஆறவிடாதேயும். ஒரு வெப்பமாற்றி வைத்து, உள்ளே போகிற கள்ளை அதனால் சூடாக்கும். எரிபொருள் குறையும், நீரும் தொட்டிக்கு ஏற்ற 35 பாகைக்கு இறங்கும். குளிர்நாட்டுக்காரர் தொட்டியைச் சூடாக்கக் காசு கொட்டுகிறார்கள், எங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

தொடக்கத்தில் மாட்டுச் சாணக் கரைசலை விட்டு, கழிவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டும். முதலாளி அவசரப்படுவார், நீர் அவசரப்படக் கூடாது. பிஎச் 6.5இற்குக் கீழே போனால் மீதேன் தரும் நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடும். உடனே சுண்ணாம்பை அள்ளிக் கொட்டாமல், முதலில் கழிவு விடுவதை நிறுத்தும். கள்ளுப் பருவம் முடிந்து மாதக்கணக்கில் வேலையில்லாமல் கிடந்தாலும் அந்தச் சேறு சாகாது, அடுத்த பருவத்தில் எழும்பும். காற்றூதும் தொட்டியில் இது நடவாது.

இனித்தான் நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது. காற்றில்லாத் தொட்டி அமோனியாவை அகற்றாது. அந்த நீரை நிலத்தில் விட்டால் அது நைத்திரேற்றாக மாறும். எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாறும் மாரிக்குத்தான் ஓடும். செம்மண்ணுக்குக் கீழே வெடிப்பும் துவாரமுமான சுண்ணாம்புக்கல், அதற்குள் எல்லோரும் குடிக்கிற நீர். உரத்தாலும் மலக்குழியாலும் பல கிணறுகளில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையை ஏற்கெனவே தாண்டியிருக்கிறது. உள்நாட்டு நீர்நிலைக்கு விடும் கழிவில் பிஓடி (உயிரியல் ஒட்சிசன் தேவை) லீற்றருக்கு 30 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்ற விதியை மட்டும் பார்த்து நிம்மதியடையாதேயும். காற்றூதுவதைக் கடைசிக் கட்டத்துக்கு, சிறிய அளவில் வையும்; நைதரசனை அகற்றும் படியையும் அதோடு சேர்த்துவிடும். வேறெங்கே சிக்கனம் பிடித்தாலும் இங்கே பிடிக்க வேண்டாம். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் மின்நிலைய நிறுவனத்தை 2 கோடி ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது முதலாளிக்கும் தெரிந்திருக்கட்டும்.

ஒரு குழி வெட்டி ஊறவிட்டால் காணாதா என்று கட்டாயம் கேட்பார்கள். முடியாது என்று எழுத்திலேயே கொடும். சுற்றியுள்ள கிணறுகளின் தண்ணீரை இந்த மாதமே எடுத்துப் பரிசோதித்து அளவுகளைக் குறித்து வையும். ஆலை ஓடத் தொடங்கின பிறகு எடுத்தால் முன்பு எப்படி இருந்தது என்று ஒருவருக்கும் காட்ட முடியாது.