எஞ்சின் மக்கர் செய்தால் முதலில் எரிபொருளைப் பாருங்கள்

மளிகைக் கடைக்காரருக்கும் ஜவுளிக் கடைக்காரருக்கும் எஞ்சின் பாடம் எதற்கு என்று உறுப்பினர்கள் சிலர் கேட்கக்கூடும். கடையின் பின்புறம் ஒரு ஜெனரேட்டர், வீடுகளுக்குச் சரக்கு கொண்டுபோக ஒரு மொபெட், கோயம்பேட்டிலிருந்தோ பாரிமுனையிலிருந்தோ லோடு ஏற்றிவர ஒரு குட்டியானை. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரத்தில் இவற்றில் ஒன்றாவது இல்லாத கடைகள் குறைவு. அது நின்றுவிட்டால் அன்றைய வியாபாரமும் பாதி நின்றுவிடுகிறது.

எங்களுக்கு நேர்ந்ததையே முதலில் சொல்லிவிடுகிறோம். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் மழை கொட்டி மின்சாரம் போனபோது, எங்கள் கடை ஜெனரேட்டர் கிளம்பவில்லை. கயிற்றை இழுத்து இழுத்துக் கை வலித்ததுதான் மிச்சம். பால், தயிர், ஐஸ்கிரீம் அத்தனையும் வீணாயிற்று. தண்ணீர் வடிந்த பிறகு வந்த மெக்கானிக் கார்புரேட்டரையும் பிளக்கையும் மாற்றிப் பணம் வாங்கிச் சென்றார். ஒரு வாரத்தில் மறுபடியும் அதே கோளாறு. பிறகு வேறொரு பெரியவர் வந்தார். அவர் எதையும் கழற்றவில்லை. டாங்க்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். பாட்டிலுக்குள் இரண்டு அடுக்குகள் தெரிந்தன. கீழே இருந்தது பெட்ரோலே அல்ல. கோடைக்கு முன் ஊற்றிய எரிபொருளை டிசம்பர் வரை அப்படியே விட்டுவைத்திருந்தோம். கோளாறு எஞ்சினில் இல்லை, எங்கள் கவனக்குறைவில்தான் இருந்தது.

நம்மில் பலர் இந்த நிலையில்தான் இருக்கிறோம். 2012 வாக்கில் சென்னையில் தினமும் 2 மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது ஜெனரேட்டர் அன்றாடம் ஓடியது. ஊற்றிய பெட்ரோல் இரண்டு நாளில் தீர்ந்தது. இப்போது ஆண்டில் பத்து மாதம் அது சும்மா நிற்கிறது. புயல் நாளில் மட்டும் நினைவுக்கு வருகிறது.

பெட்ரோல் மாறியிருக்கிறது

நம் ஊரில் பெட்ரோல் மாறுவது புதிதல்ல. 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் ஈயம் கலக்காத பெட்ரோல் வந்தது. புதிய கார்களில் பொருத்திய கேட்டலிடிக் கன்வெர்ட்டரை ஈயம் கெடுத்துவிடும் என்பதால் அந்த மாற்றம். இன்றைய மாற்றம் எத்தனால். கரும்பு, தானியம் ஆகியவற்றிலிருந்து எடுக்கும் இந்தச் சாராயத்தை 20 சதவீதம் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. 2025-இல் நாடு தழுவிய அளவில் இந்த 20 சதவீதம் எட்டப்பட்டது.

இதில் நாம் அறிய வேண்டியவை மூன்று.

1. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய பெட்ரோலில் தண்ணீர் கலந்தால் அது தனியாக அடியில் தங்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் கொஞ்சம் தண்ணீரைத் தன்னுள்ளேயே வைத்துக்கொள்ளும். 10 சதவீதக் கலவையில் லிட்டருக்குச் சுமார் 5 மில்லி வரை தாங்கும். 20 சதவீதக் கலவை இன்னும் சற்று அதிகம் தாங்கும். அளவு மீறினால் எத்தனால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து, தண்ணீருடன் சேர்ந்து அடியில் இறங்கிவிடும். எஞ்சினுக்குக் குழாய் போவது அந்த அடிப்பகுதியிலிருந்துதான்.

2. எத்தனாலில் சக்தி குறைவு. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் பெட்ரோலின் சக்தியில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். மைலேஜ் சற்றுக் குறைந்தால் உடனே எஞ்சினைச் சந்தேகிக்க வேண்டாம்.

3. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. எனவே கார்புரேட்டர் உள்ள பழைய எஞ்சினில் கலவை மெலிந்துபோகும். எஞ்சின் திணறும், சூடேறும். பியூயல் இன்ஜெக்‌ஷனும் ஆக்சிஜன் சென்சாரும் உள்ள புதிய வண்டிகள் தாமாகவே அளவைச் சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களும் வாஷர்களும் உப்பவோ வெடிக்கவோ கூடும். ஆண்டுக்கு ஒருமுறை அவற்றைத் தொட்டுப் பார்ப்பது நல்லது.

பாட்டில் சோதனை

எஞ்சின் ஆறிய பிறகு, திறந்த வெளியில், அருகில் விளக்கோ சிகரெட்டோ இல்லாத இடத்தில் இதைச் செய்ய வேண்டும். டாங்க்கின் அடியிலிருந்து கால் பாட்டில் பெட்ரோலைச் சுத்தமான கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் கோடு கிழித்ததுபோல் தனி அடுக்கு தெரிந்தாலோ, கலங்கலாக இருந்தாலோ அந்த எரிபொருளை எஞ்சினுக்குக் கொடுக்கக் கூடாது. பிரிந்ததைக் குலுக்கிச் சேர்க்க முடியாது. புதுப் பெட்ரோலை மேலே ஊற்றினாலும் முழுதும் சரியாகாது. டாங்க்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் காலி செய்துவிட வேண்டும். வடித்ததை மழைநீர்க் கால்வாயில் கொட்டாமல் ஒர்க்‌ஷாப்பில் ஒப்படையுங்கள்.

எத்தனால் எவ்வளவு என்று அறியவும் வழி உண்டு. அளவுக்கோடு உள்ள கண்ணாடிக் குழாயில் 100 மில்லி பெட்ரோலும் 10 மில்லி தண்ணீரும் விட்டுக் குலுக்கி வையுங்கள். அடியில் 10 மில்லியாக இருக்க வேண்டிய அடுக்கு 30 மில்லியை ஒட்டி வந்தால் எத்தனால் சுமார் 20 சதவீதம் என்று பொருள். இதைப் பார்த்து “பங்க்கில் தண்ணீர் கலந்துவிட்டார்கள்” என்று சண்டைக்குப் போகும் உறுப்பினர்கள் உண்டு. அது நாம் ஊற்றிய தண்ணீரோடு எத்தனால் சேர்ந்த கணக்கு, கலப்படம் ஆகாது.

கலப்படச் சந்தேகம் இருந்தால் பங்க்கிலேயே ஃபில்டர் பேப்பர் சோதனை கேட்கலாம். ஒரு சொட்டு பெட்ரோல் இரண்டு நிமிடத்தில் கறையின்றி ஆவியாக வேண்டும். அளவில் சந்தேகம் வந்தால் முத்திரையிட்ட 5 லிட்டர் படியில் ஊற்றிக் காட்டச் சொல்லலாம். இவை வாடிக்கையாளரின் உரிமை. நம் தராசைச் சரிபார்க்கும்படி நம் வாடிக்கையாளர் கேட்பதற்கு இது சமம்.

பிறகு காற்று, பிறகு தீப்பொறி

எரிபொருள் சுத்தம் என்று உறுதியான பிறகே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும். ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். ரங்கநாதன் தெரு, பாண்டி பஜார் போன்ற இடங்களில் தூசியும் துணிப் பஞ்சும் சேர்ந்து அதை அடைத்துவிடும். காற்று குறைந்தால் பெட்ரோல் அதிகம் எரிந்து கரும்புகை வரும்.

அடுத்து பிளக். முனை மங்கலான பழுப்பு நிறமாக இருந்தால் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் கலவையில் பெட்ரோல் அதிகம். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, தீப்பொறி இல்லை. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, எஞ்சின் சூடாகிறது.

ஜெனரேட்டரின் சத்தம் ஏறி இறங்கி ஊசலாடினால் சோக்கைப் பாதி இழுத்துப் பாருங்கள். ஓட்டம் சீரானால் கலவை மெலிந்திருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் கார்புரேட்டர் ஜெட்டில் பழைய பெட்ரோலின் பிசின் அடைத்திருக்கும். கழுவிச் சுத்தம் செய்தாலே போதும். புதுப் புதுப்பேட்டை ஜெட்டோ, ஜி.பி. ரோட்டில் புது கார்புரேட்டரோ தேடி அலைவதற்கு முன் இதைச் செய்து பார்த்துவிடலாம்.

புகையின் நிறம்

கரும்புகை: பெட்ரோல் அல்லது டீசல் அதிகம், காற்று குறைவு. நீலப்புகை: ஆயில் எரிகிறது. ஆயில் அளவுக்கு மேல் ஊற்றியிருக்கலாம், அல்லது ரிங், வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். பழைய 2 ஸ்ட்ரோக் வண்டியில் ஆயிலும் சேர்ந்தே எரிவதால் சிறிது நீலம் இயல்பு. வெண்புகை: காலையில் கிளப்பியதும் சற்று வந்து நின்றுவிட்டால் அது ஈரம். நிற்காமல் வந்தால் உள்ளே தண்ணீர் கசிகிறது, அல்லது டீசல் சரியாக எரியவில்லை.

புகைத்தூள் வடிகட்டி உள்ள டீசல் வண்டிகளுக்கு ஒரு குறிப்பு. தினமும் தியாகராய நகர் நெரிசலில் நகர்ந்தபடியே ஓட்டினால், வடிகட்டியில் சேர்ந்த கரி எரிந்து தீரும் அளவுக்குச் சூடு வராது. எச்சரிக்கை விளக்கு எரிந்தால் தடையற்ற சாலையில் இருபது நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டுவது பல வண்டிகளில் பலன் தரும். விளக்கை அலட்சியம் செய்தால் செலவு பெரிது.

புகைச் சான்றிதழைப் படிப்பது எப்படி

சான்றிதழை வாங்கி டாஷ்போர்டில் செருகிவிடுகிறோம். அதிலுள்ள இரண்டு எண்களே நமக்கு இலவச வைத்தியர். பி.எஸ். 4 பெட்ரோல் காருக்குக் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள்ளும், ஹைட்ரோகார்பன் 200-க்குள்ளும் இருக்க வேண்டும். 2000-க்குப் பிறகு வந்த பழைய 4 ஸ்ட்ரோக் இருசக்கர வண்டிகளுக்கு இவை 3.5 சதவீதமும் 4,500-ம்.

கார்பன் மோனாக்சைடு மட்டும் அதிகமென்றால் கலவையில் பெட்ரோல் அதிகம்: ஏர் ஃபில்டர், சோக்கைப் பாருங்கள். ஹைட்ரோகார்பன் மட்டும் அதிகமென்றால் பெட்ரோல் எரியாமலே வெளியேறுகிறது: பிளக், அதன் வயர், வால்வைப் பாருங்கள். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையும் உருக்கிவிடும். சிறிய பிளக்கைத் தள்ளிப்போட்டுப் பெரிய கன்வெர்ட்டரை இழக்க வேண்டாம். சோதனைக்கு எஞ்சின் நன்றாகச் சூடான பிறகே செல்லுங்கள். 2019 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள சட்டத் திருத்தப்படி, சான்றிதழ் இல்லாவிட்டால் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

பணத்தைவிடப் பெரியது

மேலே சொன்னவை பணக் கணக்கு. இனிச் சொல்வது உயிர்க் கணக்கு. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். நம் கடைகள் அகலம் குறைந்து ஆழம் மிகுந்தவை. மழைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உள்ளேயோ படிக்கட்டின் அடியிலோ ஜெனரேட்டரை ஓட்டுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறோம். மேல்மாடியில் கடைப் பையன்கள் தூங்குவார்கள். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்று நினைப்பது தவறு. ஜெனரேட்டர் கட்டடத்துக்கு வெளியே, மழை படாத மறைவில், புகை எந்த ஜன்னலுக்குள்ளும் போகாதபடி இருக்க வேண்டும். யாருக்காவது தலைவலி, மயக்கம், குமட்டல் என்றால் உடனே எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். காரணத்தைப் பிறகு ஆராயலாம்.

ஓடும்போது, சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றக் கூடாது. உபரிப் பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலிலோ பிளாஸ்டிக் குடத்திலோ வைக்கக் கூடாது. மூடியுள்ள உலோக கேனில், தேவைக்கு மட்டும், சரக்கிலிருந்து தள்ளி வையுங்கள். தீயின் விலையை உஸ்மான் சாலை 2017-இல் கண்டது.

ஆயுத பூஜையன்று செய்ய வேண்டியது

வடகிழக்குப் பருவமழை வருவதற்குச் சற்று முன்புதான் நமக்கு ஆயுத பூஜை வருகிறது. தராசுக்கும் கல்லாவுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கும் அன்று, ஜெனரேட்டருக்கு வைக்கும் முன் இவற்றைச் செய்துவிடுங்கள்:

1. பழைய பெட்ரோலை வடித்து, பாட்டிலில் பார்த்துவிடுங்கள்.
2. ஏர் ஃபில்டரையும் பிளக்கையும் சுத்தம் செய்து, ஆயில் அளவைப் பாருங்கள்.
3. புதுப் பெட்ரோல் ஊற்றி, விளக்கும் ஃப்ரிட்ஜும் போட்டு 15 நிமிடம் ஓட்டுங்கள்.
4. நிறுத்தும்போது பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டரில் உள்ளது தீர்ந்து தானாக நிற்க விடுங்கள்.
5. இதையே மாதம் ஒருமுறை தொடருங்கள். ஊற்றிய தேதியைச் சாக்பீஸால் டாங்க்கில் எழுதிவையுங்கள்.

சரக்கின் மீது தேதி பார்த்து வாங்கும் நாம், எரிபொருளுக்கும் தேதி பார்க்கப் பழகிக்கொண்டால், அடுத்த புயல் நாளில் கயிற்றை ஒருமுறை இழுத்தால் போதும்.