பயணம் தந்த பொருள்களும் அவை சொல்லும் பாடங்களும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

பயணம் சென்று திரும்புவோர் வெறுங்கையுடன் வீடு திரும்புவதில்லை. ஒரு பொம்மை, ஒரு சங்கு, ஒரு படம், ஒன்றும் இல்லையென்றால் ஒரு பிடி மணலாவது கூடவே வரும். ஆங்கிலத்தில் இவற்றைச் ‘சூவனீர்’ என்பர். அது பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த சொல். ‘நினைவுகூர்தல்’ என்பது அதன் பொருள். நாம் ‘நினைவுப் பொருள்’ என்கிறோம். ஆனால் நினைவு உண்மையிலேயே அந்தப் பொருளுக்குள்தான் இருக்கிறதா? எங்கள் வீட்டு அலமாரியில் உள்ள சில பயணப் பொருள்களை எடுத்துக்கொண்டு இக்கேள்வியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நினைவு எவ்வாறு வேலை செய்கிறது?

நம் மூளை புகைப்படக் கருவியைப் போல நடந்ததை அப்படியே பதித்து வைப்பதில்லை. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் துண்டு துண்டாக இருப்பவற்றைச் சேர்த்துப் புதிதாகக் கட்டிக்கொள்கிறது. இதனை இங்கிலாந்து நாட்டு உளவியல் அறிஞர் பார்ட்லெட் 1932ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கினார். மேலும், மூன்று வயதுக்கு முன் நடந்தவை பெரும்பாலோர்க்கு நினைவில் நிற்பதில்லை. அப்படியானால் சிறு வயதுப் பயணங்களை நாம் எப்படி நினைவில் வைத்திருக்கிறோம்? பெரியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதாலும், புகைப்படங்களாலும், கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பொருள்களாலும்தான்.

ஒரு பொருளைப் பார்த்தவுடனோ முகர்ந்தவுடனோ மறந்துபோன காட்சி ஒன்று மனத்தில் விரிவதை எல்லோரும் உணர்ந்திருப்போம். நினைவு அப்பொருளில் இல்லை, நம்மிடமே இருக்கிறது. பொருளோ பூட்டைத் திறக்கும் சாவி. இனி அந்தச் சாவிகள் சிலவற்றைக் காண்போம்.

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை

எனக்கு ஐந்து வயதானபோது, 2015இல், பெற்றோருடன் தஞ்சைக்குச் சென்றேன். இராசராசசோழன் 1010இல் கட்டி முடித்த பெரிய கோவிலைப் பற்றி எனக்கு நினைவிருப்பது ஒன்றே ஒன்றுதான்: வெயிலில் சுட்ட கல்தரை. கோபுரத்தின் உயரமெல்லாம் பின்னாளில் பாடநூலில் படித்துத் தெரிந்துகொண்டது. ஆனால் அன்று வாங்கிய பொம்மையைத் தட்டிவிட்டால் அது சாய்ந்து எழும்போதெல்லாம் என் பாதம் சுட்டதும், அப்பா என்னைத் தூக்கிக்கொண்டதும் நினைவுக்கு வருகின்றன. என் அக்காவோ, “தூக்கிக்கிட்டது அப்பா இல்லடி, மாமா” என்கிறாள். எது சரியென்று இன்றுவரை முடிவாகவில்லை. பார்ட்லெட் சொன்னதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இப்பொம்மையின் அடிப்பகுதி களிமண்ணால் ஆனது. கனமாகவும் உருண்டையாகவும் இருக்கும். மேற்பகுதி காகிதக் கூழால் ஆனதால் இலேசாக இருக்கும். ஆகவே பொம்மையின் ஈர்ப்பு மையம் மிகவும் தாழ்வான இடத்தில் அமைகிறது. பொம்மையைச் சாய்க்கும்போது அம்மையம் சற்று மேலே எழும்புகிறது. கையை விட்டவுடன் அது மீண்டும் தாழ்ந்த நிலையை நாடுவதால் பொம்மை தானே நிமிர்கிறது. வெறும் முட்டை ஓட்டின் அடியில் சிறிது மணலைப் போட்டு, உருக்கிய மெழுகை ஊற்றி உறைய வைத்தால் நீங்களும் இப்படியொரு பொம்மையைச் செய்யலாம். (மெழுகு உருக்கும்போது வீட்டுப் பெரியவர் ஒருவர் உடனிருத்தல் நலம்.)

பத்தமடைப் பாய்

சேரன்மாதேவிக்கு அருகிலுள்ள பத்தமடை என்னும் ஊர் பாய் நெசவுக்குப் புகழ் பெற்றது. அங்கிருந்து என் அத்தை எனக்கு ஒரு சிறு பாய் வாங்கித் தந்தார்கள். அப்போது எனக்கு ஏழு வயது. தாமிரபரணிக் கரையில் வளரும் கோரைப்புல்லை அறுத்து, உலர்த்தி, நீரில் பல நாள் ஊற வைத்து, மெல்லிய இழைகளாகக் கீறி, சாயம் ஏற்றி நெய்கிறார்கள். இழை எவ்வளவுக்கு எவ்வளவு மெல்லியதோ, பாயும் அவ்வளவுக்கு அவ்வளவு மென்மையாக இருக்கும். மிக நேர்த்தியான பாயைத் துணிபோல் மடிக்கலாம். அவ்வூரில் இத்தொழிலைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருபவர்கள் இசுலாமியக் குடும்பத்தினர்.

மழைக்காலத்தில் அந்தப் பாயை விரித்தால் கோரையின் வாசம் எழும். உடனே ஆற்றங்கரைப் படித்துறையும், என் தலையைத் துவட்டிய அத்தையின் கையும் கண்முன் வந்துவிடும். இதற்குக் காரணம் உண்டு. மூக்கிலிருந்து மூளைக்குச் செல்லும் செய்தி, உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய மூளைப் பகுதிகளை மிக நெருங்கிய வழியில் சென்றடைகிறது. ஆகவேதான் வாசனை எழுப்பும் நினைவில் உணர்ச்சியும் மிகுந்திருக்கிறது.

குமரி மணல்

சென்ற ஆண்டு எங்கள் வகுப்புடன் கன்னியாகுமரிக்குக் கல்விச் சுற்றுலா சென்றோம். 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலையையும், விவேகானந்தர் பாறையையும், அவ்விரண்டையும் இணைக்கும் கண்ணாடிப் பாலத்தையும் கண்டோம். திரும்பும்போது ஏறத்தாழ எல்லா மாணவியரும் கடையில் ஒரே மாதிரியான மணல் பொட்டலத்தை வாங்கினோம். பொட்டலம் ஒன்றுதான், நினைவு வேறு வேறு. ஒருத்திக்கு அது முதன்முதலாகக் கண்ட கடல். இன்னொருத்திக்குப் படகில் வந்த வாந்தி. மற்றொருத்தி, “எங்க அம்மா பாத்ததே இல்ல, அதனால வாங்கினேன்” என்றாள்.

அம்மணலில் செந்நிறமாய் மின்னுவது கார்னெட். கறுப்பாய் இருப்பது இல்மனைட். மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் இருப்பது மோனசைட். இல்மனைட்டிலிருந்து டைட்டானியம் கிடைக்கிறது. வெள்ளைச் சாயத்திற்கு அது மூலப்பொருள். கறுப்பு மணலிலிருந்து வெள்ளைச் சாயம் வருவது வியப்பல்லவா? மோனசைட்டில் தோரியம் உள்ளது. இந்த மோனசைட்டின் வரலாறு சுவையானது. நம் கடற்கரையிலிருந்து ஜெர்மனிக்குச் சென்ற தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலைக் கண்ட ஷோம்பெர்க் என்னும் வேதியியலார், அது எங்கிருந்து வந்தது என்று தேடி, 1909இல் மணவாளக்குறிச்சிப் பகுதியைக் கண்டறிந்தார். கேட்காமலே கடல் கடந்து போன ஒரு பிடி மணல் ஓர் ஊரின் பெயரை உலகுக்குச் சொல்லிவிட்டது!

இல்லாத ஊருக்கு ஒரு டிக்கெட்

எங்கள் வீட்டிலுள்ள பொருள்களிலேயே விலை மிகக் குறைந்ததும், மதிப்பு மிக உயர்ந்ததும் ஓர் இரயில் டிக்கெட்டுதான். கட்டை விரல் அளவே உள்ள கெட்டி அட்டை. ‘தனுஷ்கோடி’யிலிருந்து மதுரை வரை. 1964 மே மாதத்துத் தேதி அதில் அழுத்தப்பட்டிருக்கிறது. என் தாத்தாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. மதுரை நிலைய வாயிலில் டிக்கெட்டைத் திரும்ப வாங்கியவரிடம், “இத நானே வச்சுக்கட்டுமா ஐயா?” என்று கெஞ்சிக் கேட்டு வைத்துக்கொண்டாராம்.

பாம்பன் இரயில் பாலம் 1914இல் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து வரும் ‘போட் மெயில்’ வண்டி அதைக் கடந்து தனுஷ்கோடி துறைமுகம் வரை செல்லும். அங்கிருந்து கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கினால், மறுபடி இரயிலில் கொழும்புக்குப் போகலாம். தனுஷ்கோடியில் அஞ்சலகம், சுங்க அலுவலகம், பள்ளி, தேவாலயம், கடைவீதி எல்லாம் இருந்தன. தாத்தா டிக்கெட் வாங்கிய ஏழே மாதத்தில், 1964 டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவில் வீசிய புயல் அந்த ஊரையே அழித்துவிட்டது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் இரயிலைக் கடல் அலை கவிழ்த்தது. அதில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பாம்பன் பாலத்தைச் செப்பனிட்டார்கள். ஆனால் தனுஷ்கோடி வரையிலான இருப்புப் பாதை மீண்டும் போடப்படவில்லை.

2019 கோடை விடுமுறையில் தாத்தா எங்களை அங்கு அழைத்துச் சென்றார். பழைய நிலையம் இருந்த இடத்தில் இடிந்த சுவர்களே மிஞ்சியிருந்தன. தாத்தா சட்டைப் பையிலிருந்து அந்த டிக்கெட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, “இங்கனதாம்மா இறங்குனோம். அந்தா, அங்க ஒருத்தர் பனங்கிழங்கு வித்துக்கிட்டு இருந்தாரு. எங்க அப்பா வாங்கிக் கொடுத்தாரு” என்றார். சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, “அவரு என்ன ஆனாரோ” என்றார். பாடநூலில் ஒரு வரியாகப் படித்த புயல் அன்று எனக்கு ஒரு மனிதராகத் தெரிந்தது.

அன்று நாங்கள் இரயிலில் கடந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்டது. ஆகவே எங்கள் பயணமும் இப்போது ஒரு பழங்கதையாகிவிட்டது!

ஊமையாகிப் போன மணி

தாத்தா 2024இல் இறைவனடி சேர்ந்தார். அவருடைய தகரப் பெட்டியில் அந்த டிக்கெட்டுடன் ஒரு சிறு பித்தளை மணியும் இருந்தது. அதை எந்த ஊரில் வாங்கினார், யார் கொடுத்தார் என்பது ஆச்சிக்கும் தெரியவில்லை, அப்பாவுக்கும் தெரியவில்லை. ஆட்டினால் இனிமையாக ஒலிக்கிறது. ஆனால் எங்களைப் பொறுத்தவரை அது ஊமை மணிதான். டிக்கெட்டோ ஊர், தேதி, பனங்கிழங்கு, கொள்ளுத்தாத்தா என்று பேசிக்கொண்டே இருக்கிறது. இரண்டும் ஒரே பெட்டியில்தான் இருந்தன. வேறுபாடு என்ன? ஒன்றின் கதை சொல்லப்பட்டது; மற்றொன்றின் கதை சொல்லப்படவில்லை. சாவி இருந்தும் அது எந்தப் பூட்டுக்கு உரியது என்று தெரியாவிட்டால் பயன் ஏது?

எனவே இப்போது எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் ஏற்படுத்தியிருக்கிறோம். ஒவ்வொரு பயணப் பொருளுடனும் ஒரு சிறு அட்டையை நூலில் கட்டி வைக்கிறோம். அதில் ஐந்து செய்திகள் இருக்கும்:

1. எந்த ஊர்?
2. எந்த நாள்?
3. யார் யார் உடன் வந்தனர்?
4. யார் செய்தது, அல்லது யாரிடம் வாங்கியது?
5. அன்று நடந்த ஒரு நிகழ்ச்சி.

ஆச்சி எழுத மாட்டார்கள். சொல்வார்கள், நான் எழுதுவேன். ஒரு பனையோலைப் பெட்டிக்காக எழுதத் தொடங்கி, அவர்களுடைய திருமணக் கதை முழுவதையும் நான்கு பக்கம் எழுதினேன். அட்டை போதவில்லை!

எதை எடுத்து வரக்கூடாது?

எல்லாவற்றையும் எடுத்து வரலாம் என்று எண்ணிவிடக்கூடாது. இராமேசுவரத்தில் ஒருவர் எங்களிடம் வெண்மையான பவளப்பாறைத் துண்டு ஒன்றை விற்க வந்தார். தம்பி அதை வேண்டுமென்று அழுதான். அப்பா மறுத்துவிட்டார். பவளம் கல்லன்று, கடலில் வாழும் மிகச் சிறிய உயிரினங்கள் கூட்டமாகக் கட்டிய வீடு. சில வகைகள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும். மீன் குஞ்சுகளுக்கு அது புகலிடம். கரைக்கு அலை தடுக்கும் அரண். மன்னார் வளைகுடாவிலுள்ள 21 தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பவளப்பாறைகளையும் சில அரிய சங்கு வகைகளையும் எடுப்பதும் விற்பதும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

பழஞ்சின்னங்களிலிருந்து ஒரு சிறு கல்லைப் பெயர்த்து வருவதும் அத்தகையதே. நம் அலமாரியை நிரப்பப் பிறருடைய நினைவை நாம் பறிக்கலாமா? மாறாக, பத்தமடைப் பாய், தஞ்சைப் பொம்மை, பனையோலைப் பெட்டி போன்ற கைவினைப் பொருள்களை, இயன்றால் செய்தவரிடமே, வாங்கலாம். அவர் பெயரைக் கேட்டு அட்டையில் எழுதலாம். நமக்கு நினைவும், அவர்க்குப் பிழைப்பும் கிடைக்கும். தம்பிக்கும் அன்று ஓலையில் செய்த மீன் ஒன்று கிடைத்தது. அதனை இன்னும் வைத்திருக்கிறான்.

முடிவுரை

அன்புத் தோழியரே, வரும் விடுமுறையில் நீங்கள் வெளியூர் செல்லலாம், செல்லாமலும் இருக்கலாம். எப்படியாயினும் உங்கள் வீட்டு அலமாரியிலோ பரண்மேலோ ஒரு பழைய பொருள் உறங்கிக்கொண்டிருக்கும். அதை எடுத்துத் துடைத்து, வீட்டிலுள்ள மூத்தவர் கையில் கொடுத்து, “இது எங்க வாங்குனது?” என்று கேளுங்கள். அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

பெற்றோரே, பெரியோரே, பிள்ளைகள் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லுங்கள். நீங்கள் தரும் பொருளை நாங்கள் பாதுகாப்போம். அதன் கதையையும் சேர்த்துத் தந்தால், எங்கள் பிள்ளைகளுக்கும் அதனைக் கொண்டு சேர்ப்போம்.