மூலத்தை அழிக்காதீர்!



2004-ல் எங்கள் கடைப் புதுக்கணக்கை மினிடிவி என்னும் டிஜிட்டல் கேசட்டில் படம் பிடித்தோம். அப்பா பேரேட்டில் பிள்ளையார் சுழி போடும் காட்சி அதில் இருந்தது. அதை வீடியோ சிடியாகச் சுருக்கிவிட்டு, சிக்கனம் கருதி அதே கேசட்டில் வேறு விழாவைப் பதிந்தோம். அப்பா மறைந்தபின் அக்காட்சியை மட்டும் வெட்டி எடுக்க, சிடியைப் பெரிய ஃபைலாக மாற்றினோம். அளவு பெருகியது, அப்பாவின் முகம் தெளியவில்லை.

காரணம் இதுதான். ஒரு மணி நேர மினிடிவி பதிவுக்குச் சுமார் 13 ஜிபி இடம் வேண்டும். வீடியோ சிடியிலோ அது 1 ஜிபிக்கும் குறைவாகிவிடும். படத்தின் புள்ளிகளும் ஏறத்தாழக் கால் பங்காகிவிடும்.

சுருக்கும் முறை நம் இருப்புப் பதிவேடு போன்றது. ஒரு படத்தை முழு இருப்பாக எழுதி, அடுத்தடுத்த படங்களுக்கு மாறுதலை மட்டும் எழுதுவர். எனவே நடுவில் வெட்டுவது சிரமம். ஒவ்வொரு படமும் முழுதாக உள்ள புரோரெஸ் போன்ற வடிவத்துக்கு மாற்றினால் வெட்ட எளிது. ஆனால் கழித்த நுணுக்கம் திரும்பாது. வற்றலை ஊறவைத்தால் பச்சை மிளகாய் ஆகுமா?

ஆகவே, சுருக்கியது பார்ப்பதற்கு; மூலம் காப்பதற்கு. மூலத்தை இரண்டு ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து, ஒன்றைக் கடையிலும் ஒன்றை வீட்டிலும் வைப்போம்.