கண்டச் சுரப்பி அடங்கியபின்

கண்டத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி மிகையாய் உழைப்பின் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், உண்டும் உடல் மெலியும். மருந்திற்கு அடங்காவிடில் அதனைச் சத்திர சிகிச்சையால் அகற்றுவர். அன்றேல் கதிரியக்க அயோடினைக் கொடுத்து ஒடுக்குவர். பிணி தீர்ந்ததென மகிழ்ந்தோர் பலர், சின்மாதங்களில் குளிர் பொறாமலும், சோர்ந்தும், உடல் பருத்தும், மற்றொரு நோய் வந்ததோ என அஞ்சுவர்.

வந்தது வேறு நோயன்று, சுரப்புநீரின் குறைவேயாம். கழுத்துக் கழலைக்காகச் சுரப்பி முழுவதும் அகற்றப்பெற்றோருட் பலர் மந்தமுற்று வீங்கினமையை, பேர்ன் நகரத்துத் தியோடர் கோக்கர் 1883-இல் வெளியிட்டார். 1891-இல் ஜார்ஜ் மரே என்னும் ஆங்கில மருத்துவர், சுரப்பு குன்றிய ஒரு மாதிற்கு ஆட்டுச் சுரப்பியின் சாரத்தை ஊசிவழி ஏற்றினார். அவ்வம்மையார் பின்னும் 28 ஆண்டு வாழ்ந்தனர். இன்று அச்சாரத்தின் இடத்தில் லெவோதைராக்சின் மாத்திரை உளது; பெரும்பாலோர் அதனை ஆயுள்முழுதும் உட்கொள்ளல் வேண்டும்.

விடியலில் வெறுவயிற்றில் நீருடன் அதனை உண்டு, அரைமணி முதல் ஒருமணி வரை காப்பியும் உணவும் விலக்குக. இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளுக்கு 4 மணி இடைவெளி வேண்டும். இவையெல்லாம் எளிய, அரியது பொறுமையே. குருதியில் இம்மருந்து பாதியாய்க் குறைய ஏறக்குறைய 7 நாட் செல்லும்; ஆதலின் அளவை மாற்றினால் அதன் பயன் நிலைபெற 6 வாரமேனும் ஆகும். இரத்தப் பரிசோதனையும் அதன்பின்னரே மெய்யுரைக்கும். பத்தாம் நாளே 'குணமில்லை' எனத் தாமே மாத்திரையைக் கூட்டுவோர் பழைய படபடப்பை விலைகொடுத்து வாங்குவர். 'நலமாயிற்று' என நிறுத்துவோர்க்கோ, கேடு மெல்லென வருதலின், அது வந்ததே தெரியாது. பல வாரங்கழித்து வீட்டாரே முதலிற் காண்பர்.