எங்கிருந்து வந்தது? ஆயிரத்துக்குப் பத்து

கேள்வி: பழைய 1.3 லிட்டர் பெட்ரோல் காரின் இன்ஜினை ரேஸுக்காகப் பிரித்துக் கட்டினோம். பேரிங் இடைவெளியை 1.6 தௌவிலிருந்து (தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) 2 தௌவாக வைத்தோம். ஆயிலை 20டபிள்யூ-50 இலிருந்து 5டபிள்யூ-30க்கு மாற்றினோம். கூடவே புது ஆயில் பிரஷர் மீட்டரும் வைத்தோம். முன்பு 6000 சுற்றில் 65 பி.எஸ்.ஐ. காட்டியது, இப்போது 46தான். சூடானதும் ஐடிலில் 10. "ஆயிரம் சுற்றுக்குப் பத்து இருக்கணும், மறுபடி பிரி" என்கிறார்கள் நண்பர்கள். இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது?
(கோவை வாசகர்)

பதில்: ஸ்பேனரைக் கொஞ்சம் கீழே வையுங்கள். கணக்கின் கதையைக் கேட்டுவிட்டுப் பிரிக்கலாமா வேண்டாமா என்று பார்ப்போம்.

இது ஆய்வகத்தில் பிறந்த கணக்கு அல்ல. அமெரிக்க வி-8 இன்ஜின்களை ரேஸுக்குத் தயார்செய்த பட்டறைகளில் புழங்கிய வாய்க்கணக்கு. 1955-இல் செவ்ரலே தன் சின்ன வி-8 இன்ஜினைக் கொண்டுவந்தது. மலிவாகக் கிடைத்ததால் கையில் ஸ்பேனர் பிடித்தவர்கள் எல்லாரும் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். பெரிய கிராங்க், தாராளமான பேரிங் இடைவெளி, கெட்டி ஆயில் என்று ஓடிய அந்தக் காலத்து இன்ஜின்களுக்கு இந்தக் கணக்கு நல்ல காப்பு. மனப்பாடம் செய்வதும் சுலபம் என்பதால் ஊர் ஊராகப் பரவிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், அதே வம்சத்தில் பின்னால் வந்த எல்.எஸ். இன்ஜின்களுக்கு ஜெனரல் மோட்டார்ஸ் தன் சர்வீஸ் கையேட்டில் கேட்கும் குறைந்தபட்ச பிரஷர், இன்ஜின் சூடான நிலையில், 1000 சுற்றில் 6 பி.எஸ்.ஐ., 2000-இல் 18, 4000-இல் 24. உங்கள் நண்பர்கள் கணக்கின்படி 4000-க்கு 40 வேண்டும். இன்ஜினைச் செய்தவனுக்கு 24 போதும்!

இந்த முரண்பாடு புரிய வேண்டுமானால், அந்த மீட்டர் எதை அளக்கப் பிறந்தது என்று பார்க்க வேண்டும். அது கார்களுக்காகப் பிறந்ததே அல்ல. பாரிஸில் இருந்த யூஜீன் போர்டோன் என்பவர் 1849-இல் காப்புரிமை வாங்கியது நீராவி பாய்லர்களுக்காக. தட்டையாக நசுக்கி வளைத்த ஒரு செம்புக் குழாய், உள்ளே அழுத்தம் ஏறினால் நிமிரப் பார்க்கும். திருவிழாக் கடைகளில் குழந்தைகள் ஊதும் காகிதச் சுருள் ஊதல் விரிவதுபோலத்தான். குழாயின் நுனியில் ஒரு முள்ளை மாட்டினால் மீட்டர் தயார். பாய்லரைப் பொறுத்தவரை அழுத்தம்தான் எல்லாமே. எவ்வளவு ஏறுகிறது, எப்போது வெடிக்கும் என்பதுதான் கேள்வி. அதே கருவியை இன்ஜின் ஆயிலில் சொருகியபோது கருவி மாறவில்லை, அது சொல்லும் சேதி மாறிவிட்டது.

வாசல் தெளிக்கும் ஹோஸ் பைப்பை நினைத்துக்கொள்ளுங்கள். வாயைத் திறந்துவிட்டால் தண்ணீர் கொட்டுகிறது, வேகமில்லை. கட்டைவிரலால் பாதி அடைத்தால் பீய்ச்சுகிறது, ஆனால் வரும் தண்ணீர் குறைவு. ஆயில் பம்ப் செய்வது ஆயிலைத் தள்ளும் வேலை மட்டும். எதிரே இருக்கும் தடைதான் பிரஷராக மீட்டரில் தெரிகிறது. 80 பி.எஸ்.ஐ. காட்டும் இன்ஜினில் ஏதோ ஓர் ஆயில் பாதை அடைத்துக்கொண்டிருக்கலாம். 30 காட்டும் இன்ஜினில் எல்லா பேரிங்கும் நன்றாகக் குளித்துக்கொண்டிருக்கலாம்.

அப்படியானால் கிராங்கைத் தாங்குவது எது? இதற்கு விடை கிடைத்ததும் ஒரு பிரஷர் மீட்டரால்தான். இங்கிலாந்தின் இயந்திரப் பொறியாளர் கழகத்துக்காக போஷாம்ப் டவர் என்பவர் 1880-களின் தொடக்கத்தில் ரயில் அச்சு பேரிங்குகளைச் சோதித்தார். ஆயில் ஊற்றுவதற்காக பேரிங்கின் தலையில் ஒரு துளை போட்டார். ஓட்டிப் பார்த்தால் அந்தத் துளை வழியாக ஆயில் மேலே பொங்கி வந்தது. கார்க் வைத்து அடைத்தார், பிடுங்கி எறிந்தது. மரக்கட்டையை அடித்து இறக்கினார், அதுவும் வெளியே வந்தது. கடைசியில் 200 பி.எஸ்.ஐ. வரை அளக்கும் மீட்டரைப் பொருத்தினார். முள் அதையும் தாண்டிப் போனது. பேரிங் மீது அவர் வைத்த சராசரிச் சுமையோ சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு, அதாவது 100 பி.எஸ்.ஐ. அளவுதான். பம்ப் எதுவும் கிடையாது. சுழலும் அச்சே ஆயிலை இடுக்குக்குள் இழுத்து, தன்னைத் தூக்கி நிறுத்தும் அழுத்தத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. 1886-இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் என்பவர் இதற்குக் கணிதம் எழுதினார். இன்றைக்கும் பேரிங் கணக்கெல்லாம் அவர் சமன்பாட்டில் இருந்துதான் தொடங்குகிறது.

ஆக, உங்கள் பம்ப்பின் வேலை பேரிங் வாசல்வரை ஆயிலைத் தடையில்லாமல் கொண்டுபோய்க் கொடுப்பது. சுமை தூக்குவதை பேரிங் பார்த்துக்கொள்ளும்.

இப்போது உங்கள் 46-க்கு வருவோம். பேரிங் இடுக்கு வழியாக ஒழுகும் ஆயில், இடைவெளியின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 1.6-ஐ 2 ஆக்கினால் இடைவெளி கால் பங்குதான் கூடுகிறது, ஒழுக்கு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது. அதோடு ஆயிலையும் மெலிதாக்கிவிட்டீர்கள். 100 டிகிரி செல்சியஸில் 50 ரக ஆயிலின் பாகுத்தன்மை 16.3 முதல் 21.9 சென்டிஸ்டோக் வரை, 30 ரகத்துக்கு 9.3 முதல் 12.5 வரை. ஏறக்குறைய பாதி. முன்பு உங்கள் பம்ப் தேவைக்கு மேல் தள்ளியிருக்கும், ரிலீஃப் வால்வு திறந்து 65-இல் நிறுத்தி வைத்திருக்கும். இப்போது அந்த வால்வு திறக்கும் அளவுக்கு பிரஷர் ஏறவே இல்லை. இடைவெளியைக் கூட்டுவது ரேஸ்காரர்கள் செய்வதுதான், அதற்குக் காரணங்கள் உண்டு. ஆனால் இடைவெளியைக் கூட்டிவிட்டு ஆயிலையும் மெலிதாக்கியது எனக்குப் பிடிக்கவில்லை. ஒன்றைச் செய்தால் மற்றதை எதிர்த்திசையில் செய்திருக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு சந்தேகம்: அந்தப் புது மீட்டர். மின்சார மீட்டர் என்றால் அதன் சென்ஸாரும் மீட்டரும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். ஐரோப்பிய வகையில் பிரஷர் ஏற ஏற மின்தடை 10 ஓமிலிருந்து 180 ஓம் வரை ஏறும். அமெரிக்க வகையில் 240-இலிருந்து 33-க்கு இறங்கும். ஜோடி மாறினால் முள் பொய் சொல்லும். ஒற்றை வயர் சென்ஸாருக்கு அதன் மரைதான் எர்த். அதில் டெஃப்லான் டேப்பைக் கனமாகச் சுற்றி எர்த்தைக் கெடுத்துக்கொண்டவர்கள் ஏராளம். மரையிலும் கவனம் வேண்டும். ஜப்பானிய இன்ஜின்களில் பெரும்பாலும் அங்குலத்துக்கு 28 மரை, அமெரிக்க மீட்டர்களில் 27. முதல் இரண்டு சுற்று சமர்த்தாக ஏறும். இறுகவில்லையே என்று பலம் காட்டினால் பிளாக்கின் காது உடைந்துவிடும்.

ஆகவே முதல் வேலை: ஆயில் பிரஷர் ஸ்விட்ச்சைக் கழற்றி, அந்த இடத்தில் மெக்கானிக்கல் மீட்டர் ஒன்றைச் சரியான அடாப்டரோடு மாட்டுங்கள். போர்டோனின் அதே குழாய்தான் அதற்குள் இருக்கும், வயர் இல்லை, பொய்யும் குறைவு. இன்ஜினை நன்றாகச் சூடாக்கிவிட்டு, ஆயில் வெப்பநிலையையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வெப்பநிலை எழுதாத பிரஷர் அளவு வெறும் வதந்தி. 40 டிகிரியில் இருக்கும் ஆயில் 100 டிகிரியில் இருப்பதைவிட ஆறேழு மடங்கு கெட்டி.

அங்கேயும் 46 வந்தால் 40 அல்லது 50 ரக ஆயில் ஊற்றிப் பாருங்கள். டிப்ஸ்டிக்கை மோந்தும் பாருங்கள். டியூனிங்கில் பெட்ரோலை அதிகம் விட்டிருந்தால் அது ஆயிலில் கலந்து நீர்க்கச் செய்துவிடும். பிறகு ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள். காந்தத்தை மட்டும் நம்ப வேண்டாம், அது இரும்பைத்தான் இழுக்கும். பேரிங்கின் ஈயமும் செம்பும் அலுமினியமும் அதில் ஒட்டாது. செம்பு நிறத்தில் மினுமினுப்பு கண்டால் நண்பர்கள் சொன்னதே சரி, பிரித்துவிடுங்கள்.

இது எதுவும் இல்லாமல் 46 அசையாமல் நின்றால் நான் பயப்பட மாட்டேன். நான் பயப்படுவது வேறு முள்ளுக்கு. நீண்ட வளைவில் சடாரென்று விழும் முள், ஆயில் சேம்பரில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, உறிஞ்சும் குழாய் காற்றைக் குடிக்கிறது என்று சொல்கிறது. அங்கே ஐந்து பி.எஸ்.ஐ. கூடுதலா குறைவா என்ற பேச்சுக்கே இடமில்லை. சேம்பருக்குள் தடுப்புத் தகடு அடிக்க வேண்டும். சுற்று ஏற ஏற பிரஷர் குறைந்தாலும் கதை இதுதான், ஆயில் கீழே திரும்பி வரவில்லை. நிஸானின் புகழ்பெற்ற ஆர்.பி.26 இன்ஜினில் இந்தத் தொல்லை உண்டு. அதிக சுற்றில் ஆயில் முழுக்க ஹெட்டுக்கு ஏறிவிடும், சேம்பர் காலியாகும். ஹெட்டுக்குப் போகும் வழியைச் சுருக்கித்தான் பட்டறைக்காரர்கள் சமாளிக்கிறார்கள்.

கேள்வி: சில கார்களில் ஆயில் முள் எப்போதும் நடுவிலேயே நிற்கிறதே, அது எப்படி?
(சேலம் வாசகர்)

பதில்: ஓட்டுநரின் மன நிம்மதிக்காக! ஃபோர்டு மாடல் டி-யில் (1908–1927) ஆயில் பம்ப்பும் கிடையாது, மீட்டரும் கிடையாது. சுழலும் பாகங்கள் வாரி இறைப்பதுதான் மசகு. பம்ப் வந்தபின் மீட்டர் வந்தது. 1930-களில் ஹட்சன் நிறுவனம் மீட்டருக்குப் பதில் எச்சரிக்கை விளக்கை வைத்தது. மெக்கானிக்குகள் அதற்கு 'முட்டாள் விளக்கு' என்று பெயர் வைத்தார்கள். சூடான இன்ஜினில் முள் இறங்குவது இயல்பு என்று தெரியாதவர்கள் பதறுவார்கள் என்பதால், சில நிறுவனங்கள் முள்ளை வைத்துக்கொண்டு உண்மையை எடுத்துவிட்டன. மாஸ்தா எம்.எக்ஸ்-5 காரில் 1994 வரை நிஜ மீட்டர் இருந்தது. 1995-இலிருந்து உள்ளே வெறும் ஸ்விட்ச்தான். ஓரளவு பிரஷர் இருந்தால் போதும், முள் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். முள் வேஷம் போட்ட விளக்கு அது.

கேள்வி: ஆயில் விளக்குக்கு ஏன் அலாவுதீன் விளக்குப் படம்?
(மதுரை வாசகர்)

பதில்: அது விளக்கே இல்லை, எண்ணெய்க் குப்பி. தையல் மெஷினுக்கு எண்ணெய் விடுவோமே, அந்த நீள மூக்குக் குப்பியின் அண்ணன். மூக்கு நுனியில் இருப்பது சுடர் அல்ல, ஒரு சொட்டு எண்ணெய். பெரும்பாலான கார்களில் பிரஷர் 5, 7 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போனால்தான் அது எரியும். அது எரிந்தபின் அடுத்த பங்க் வரை மெதுவாகப் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். எரிந்த இடத்திலேயே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள்.