அயர்ன் பாக்ஸ் வயருக்கு ஏன் நூல் சட்டை?

ஹாஸ்டலில் இருக்கும் அயர்ன் பாக்ஸ் வயரைப் பாருங்க, மேலே நூல் பின்னல். ஆனா கரண்டைத் தடுப்பது நூல் இல்லை. உள்ளே ஒவ்வொரு கோரையும் மூடியிருக்கும் ரப்பர்தான்.

டேபிள் ஃபேன், மிக்ஸி வயரில் பெரும்பாலும் பிவிசி. மலிவு, ஈரம் ஏறாது. ஆனா சாதாரண பிவிசிக்கு 70 டிகிரி செல்சியஸ்தான் எல்லை. அது தெர்மோபிளாஸ்டிக், சூடேறினா இளகிடும். காட்டன் துணிக்கு வைக்கும்போது அயர்ன் தகடு 200 டிகிரியை ஒட்டி இருக்கும். பிவிசி அதில் பட்டா உருகி, செம்புக் கம்பி வெளியே வந்துடும். வல்கனைஸ் செய்த ரப்பரில் மூலக்கூறுச் சங்கிலிகள் குறுக்கே பிணைந்திருப்பதால் அது உருகி ஓடாது. நூலும் உருகாது, ரப்பர் நேரடியாகத் தகட்டில் படாமல் காக்கும்.

ரிப்பேருக்குக் கொடுத்தா சிலர் கையில் கிடைத்த பிவிசி வயரை மாட்டித் தருவாங்க. வேண்டாம்னு சொல்லுங்க. நூல் பிரிஞ்சு ரப்பர் வெடிச்சிருந்தா டேப் சுத்தி ஓட்டாம வயரையே மாத்துங்க, மூணு கோர் வயரா பார்த்து. உலோக உடம்புக்கு எர்த் வேணுமே!