மலை கடந்த சொல்

கம்பம் பள்ளத்தாக்கில் விடியுமுன்பே ஜீப்புகள் புறப்பட்டுவிடும். குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு ஆகிய மலைச்சாலைகளின் வழியே கேரளத்தின் ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளருள் பெரும்பாலோர் பெண்கள். மாலையில் ஊர் திரும்புவர். அதே மலையிலிருந்து இறங்கும் முல்லைப் பெரியாற்று நீர் லோயர் கேம்பில் மின்சாரம் தந்து, தேனி மாவட்டத்து வயல்களில் பாய்கிறது. இவ்விரு மாநில மக்களும் ஒருவரைப் பற்றி ஒருவர் என்ன கேள்விப்படுகின்றனர் என்பது இங்கே பிழைப்போடு பிணைந்த செய்தியாகும்.

ஓர் அரசு மற்றோர் அரசிடம் பேசாமல், அந்நாட்டு மக்களிடமே நேரில் பேசி அவர்தம் மனத்தைத் தன்பால் ஈர்க்க முயல்வது 'மக்கள்சார் அரசுறவு' எனப்படும். போர்க்காலத்தில் இதற்கு வானொலியே பெருங்கருவியாக விளங்கியது. இரண்டாம் உலகப்போரின்போது, 1941-இல் இலண்டன் பி.பி.சி. தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது. மறுபுறம், நேதாஜியின் ஆசாத் இந்த் வானொலியும் தமிழில் பேசியது. பின்னர் வந்த பனிப்போர்க் காலத்தில் மாஸ்கோவும் தமிழில் ஒலித்தது. 1962-இல் இந்தியாவோடு போரிட்ட சீனா, மறு ஆண்டே தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது வியப்புக்குரியது. ஒலிப்பது அயலரசின் குரல் என்பதை அறிந்தே தமிழர் அவற்றைக் கேட்டனர். அஞ்சலட்டையில் கருத்தெழுதி, மறுமொழிக்குக் காத்திருந்தனர். அக்காத்திருப்பே சொல்லை எடைபோட அவகாசம் தந்தது எனலாம்.

ஒரே நாட்டின் இரு மாநிலங்களுக்கு இடையே நிகழ்வதை அரசுறவு என்று கூறுதல் முற்றிலும் பொருந்தாது. ஆயினும் பெரியாற்றுச் சிக்கலில் அதன் இயல்புகள் அனைத்தையும் காணலாம். 2011-இல் இடுக்கிப் பகுதியில் உணரப்பட்ட சிறு நில அதிர்வுகள் அச்சத்தைக் கிளப்பின. அணை உடைவதைக் கதையாகக் கொண்ட 'டேம் 999' என்னும் திரைப்படம் அவ்வாண்டு நவம்பரில் வெளிவந்தது. தமிழக அரசு அதற்குத் தடை விதித்தது. டிசம்பரில் பள்ளத்தாக்கு மக்கள் பெருந்திரளாகக் குமுளியை நோக்கி நடந்தனர். சாலை அடைபட்டது; ஜீப்புகள் நின்றன. தோட்டங்களில் தங்கியிருந்த தமிழகத் தொழிலாளர் பலர் அஞ்சி ஊர் திரும்பினர். அப்போதைய தமிழக முதலமைச்சர் ஜெயலலிதா, கேரள மக்களை விளித்து நாளிதழ் விளம்பரமாகவே வேண்டுகோள் வெளியிட்டார். ஒரு மாநிலத்தின் தலைமை அண்டை மாநில மக்களிடம் நேரில் பேசிய அரிய நிகழ்வு அது.

2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் நீர்மட்டத்தை 142 அடிவரை உயர்த்த இசைவளித்து, கண்காணிப்புக் குழுவையும் அமைத்தது. ஆனால் 2021 அக்டோபரில் மழை வலுத்தபோது, அணையைக் கைவிட வேண்டும் என்னும் முழக்கம் சமூக ஊடகங்களில் பரவியது. மலையாளத் திரைக்கலைஞரும் அதில் இணைந்தனர். தேனியில் எதிர்ப்புப் போராட்டம் எழுந்தது. இம்முறை முதலில் பேசியவை அரசுகள் அல்ல, கைப்பேசிகள். அணைக்கு உடனடி ஆபத்தில்லை என்று கேரள முதலமைச்சர் பினராயி விஜயனே சட்டமன்றத்தில் விளக்க நேர்ந்தது. அணைக்குக் கீழே வண்டிப்பெரியாறு முதலிய ஊர்களில் வாழ்வோரின் அச்சத்தை எளிதில் புறந்தள்ளுதல் முறையன்று. அவர்களுள் தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளரும் உள்ளனர்.

அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் பிறந்தநாளான ஜனவரி 15-ஐப் பள்ளத்தாக்கு மக்கள் பொங்கலிட்டுக் கொண்டாடுகின்றனர். இங்கிலாந்தின் கேம்பர்லி நகரில் தமிழக அரசு நிறுவிய அவரது சிலை 2022-இல் திறக்கப்பட்டது. கடல் கடந்து அந்நகர மக்களிடம் தேனியின் நன்றி சென்று சேர்ந்துவிட்டது. குமுளிக்கு அப்பால், மலையின் மறுபுறத்தில் வாழ்வோரிடம் இந்நீரால் விளையும் வயல்களைப் பற்றி மலையாளத்தில் எடுத்துரைக்கும் பணியே எஞ்சியிருக்கிறது.